புகையில்லா வட்டமும் முப்பத்தொன்பது சொட்டும்

நாவற்குளத்துக் காட்டில் விலங்குகள் எல்லாம் கழுத்தில் புகைச்சட்டி கட்டிக்கொண்டு திரிந்தன.

காரணம் ஈக்கள். மழை விட்டதும் அந்தக் காட்டில் காட்டு ஈக்கள் கிளம்பிவிடும். தோலைத் துளைத்து ரத்தம் குடிக்கும். முன்பு அங்கே மாட்டுப்பட்டி போட்டிருந்த மனிதர்கள், மாடுகளை ஈ அண்டாமல் இருக்கச் சாணமும் நொச்சி இலையும் சேர்த்துப் புகை மூட்டம் போட்டார்கள். பட்டியைப் பிரித்துக்கொண்டு போனபோது, கனல் நிறைந்த ஒரு குழியையும் ஒரு குவியல் மண்சட்டிகளையும் விட்டுப் போனார்கள்.

காட்டெருமைகளின் தலைவன் வீரணன்தான் முதன்முதலில் ஒரு சட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. மறுநாள் கடமான்கள் மாட்டிக்கொண்டன. ஒரு மாதத்துக்குள் எல்லார் கழுத்திலும் சட்டி தொங்கியது.

காட்டில் கை உள்ளவை மந்திகள் மட்டும்தான். ஆகவே நெருப்புக்குழியைக் காப்பதும், சட்டிக்குக் கனல் போடுவதும், கொடியால் கட்டிவிடுவதும் மந்திகளின் வேலை ஆயிற்று. சடையன் என்ற கிழட்டு மந்தி அவற்றுக்கு மேலாள். ஒரு சட்டிக்குக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சாணக் கட்டி போட வேண்டும். காட்டெருமை இருபத்து நான்கு. கடமான் நாற்பத்தாறு. காட்டுப்பன்றி இருபத்தாறு. புள்ளிமான் பதினெட்டு. தேன் எடுக்கப் புகை கேட்ட கரடி ஆறு. ஆக நூற்று இருபது சட்டிகள். நாளைக்கு இருநூற்று நாற்பது கட்டிகள்.

குளம் பள்ளத்தில் இருந்தது. புகை அங்கே இறங்கி, தண்ணீரின் மேல் பாய் விரித்தாற்போல் படுத்துக்கொண்டது. மான்குட்டிகள் பால் குடிக்கும்போதே இருமின.

குளத்துக்கு மேலே சொட்டுப்பாறை என்று ஓர் உயரமான பாறை உண்டு. அங்கே சுனை கிடையாது, ஓடை கிடையாது. பாறை முழுவதும் பச்சைப் பாசி மெத்தையாக மூடியிருக்கும். மலையில் தவழும் மூடுபனி அந்தப் பாசியில் சிக்கிச் சொட்டுச் சொட்டாக ஒரு குழியில் விழும். குழி நிரம்பி வழிவது கீழே வந்து குளத்தில் சேரும். மழை இல்லாத மாதங்களில் நாவற்குளம் குடிப்பது அந்தச் சொட்டைத்தான்.

அந்தக் குழியில் செம்பாயி என்ற பாறைத் தவளை இருந்தது. மிகவும் கூச்சம் உள்ளது. யாருடைய நிழல் பட்டாலும் வெடிப்புக்குள் போய்விடும். ஆனால் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பாறை மேல் நடுகல் போல ஒரு கல் நின்றது. காலையில் அந்தக் கல்லின் நிழல் முதல் கீறலிலிருந்து இரண்டாம் கீறலுக்கு நகர்வதற்குள் எத்தனை சொட்டு விழுகிறது என்று செம்பாயி எண்ணும். ஒரு நாளும் தவறியதில்லை. சென்ற ஆண்டு தொண்ணூறு சொட்டு விழுந்தது. இந்த ஆண்டு அறுபதுதான். மேலே ஏறிப் பார்த்தபோது பாசியின் மேல் கரி படிந்திருந்தது. கரி படிந்த இடத்தில் பாசி சருகாகிக் கிடந்தது. சருகில் பனி சிக்கவில்லை.

அந்த ஆண்டு குழியில் செம்பாயியின் தலைப்பிரட்டைகள் இருநூற்றுப் பதினான்கு இருந்தன. அவற்றுக்குக் கால் முளைக்க இன்னும் இரண்டு பௌர்ணமி வர வேண்டும். நாற்பது சொட்டு விழுந்தால், வெயில் குடிப்பதும் பாசி கொடுப்பதும் சரியாகப் போய்க் குழி அப்படியே நிற்கும். நாற்பதுக்குக் குறைந்தால் குழி வற்றத் தொடங்கும். கால் முளைக்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

செம்பாயி கூச்சத்தை விழுங்கிவிட்டுக் குளக்கரைக்கு இறங்கி வந்தது. விலங்குகள் கூடியிருந்த இடத்தில், ஒரு கல்லின் மறைவில் இருந்தபடியே சொட்டுக் கணக்கைச் சொன்னது. இருமும் குட்டிகளின் தாய்களும் அழுதன. பாசி செத்தால் குளமும் சாகும் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

சடையன் எழுந்தது. "தலைவரே, இதற்கு வழி இருக்கிறது. குளத்தைச் சுற்றி வெள்ளைக்கல் வைப்போம். கல்லுக்கு உள்ளே யார் சட்டியும் வரக் கூடாது. நான்கு வழியிலும் என் ஆட்கள் நின்று பார்த்துக்கொள்வார்கள்."

அப்படிச் செய்தால் சொட்டு ஏறுமா என்று செம்பாயி மெல்லக் கேட்டது.

"புகை குறைந்தால் சொட்டு ஏறாமல் எங்கே போகும், அத்தை?" என்றது சடையன்.

வீரணன் கொம்பை ஆட்டியது. இரண்டாம் பௌர்ணமிக்குள் தொண்ணூறு சொட்டு, அதுதான் காட்டின் குறி என்று அறிவித்தது. எல்லாரும் சரி என்றார்கள். அன்று மாலையே வெள்ளைக்கற்கள் வைத்து முடித்தார்கள். அதற்குப் புகையில்லா வட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

வட்டம் நல்ல வேலை செய்தது. மூன்றாம் நாள் குளத்தின் மேல் படுத்திருந்த புகை எழுந்து போய்விட்டது. ஆறாம் நாள் குட்டிகளின் இருமல் நின்றது. தாய்கள் சடையனைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒவ்வொரு மாலையும் சடையன் நாவல் மரத்தில் ஏறி நின்று, "வட்டத்துக்குள் இன்று வந்த சட்டி, ஒன்றுமில்லை!" என்று கூவியது. விலங்குகள் ஆரவாரம் செய்தன.

மேலே செம்பாயி எண்ணிக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் ஐம்பத்தெட்டு. பதினான்காம் நாள் ஐம்பத்து மூன்று. இருபத்தோராம் நாள் நாற்பத்தேழு.

எண்ணியது தவறோ என்று மறுநாளும் எண்ணியது. நாற்பத்தேழுதான்.

அது மறுபடி கீழே இறங்கி வந்து சொன்னது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கண் முன்னால் குளம் கண்ணாடியாக இருந்தது. சடையனுக்குச் சிரிப்பு வந்தது.

"கிணற்றுத் தவளைக்குக் காட்டு நடப்பு எப்படித் தெரியும்?"

"நான் பாறைத் தவளை, தம்பி. எனக்குக் கிணறு தெரியாது. சொட்டு தெரியும். நாற்பத்தேழு" என்றது செம்பாயி.

இந்த ஆண்டு பனி குறைவாக இருக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்று வீரணன் அனுப்பிவிட்டது.

செம்பாயி பாறைக்குத் திரும்பியது. மறுநாள் காலையில் பனியைப் பார்த்தது. நடுகல் உச்சி வரை மறைந்திருந்தது. சென்ற ஆண்டும் அந்த அளவுதான். பனி குறையவில்லை. அப்படியானால் கரி கூடியிருக்கிறது. ஆனால் எங்கிருந்து?

பாறைக்கு மேலே ஒரு கரிச்சான் குருவி வட்டமிடுவது வழக்கம். செம்பாயி அதைக் கூப்பிட்டு, மேலே இருந்து பார்த்தால் காடு எப்படித் தெரிகிறது என்று கேட்டது.

"வழுக்கைத் தலை மாதிரி தெரிகிறது, அக்கா. நடுவில் பளிச்சென்று இருக்கிறது. சுற்றிலும் அடர்த்தி" என்றது கரிச்சான்.

செம்பாயி அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. தானே போய்ப் பார்க்கத் தீர்மானித்தது. நான்கு வழி இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வழியில்தான் உட்கார்ந்து எண்ண முடியும். போகவும் வரவும் சேர்த்து ஐந்து நாள் குழியை விட்டு இருக்க வேண்டும். காக்கை வந்தால்? கரிச்சான் முன்வந்தது. காக்கையை விரட்டுவதில் அதற்கு இணை கிடையாது. குழிக்கரையில் காவல் இருப்பதாகச் சொன்னது.

செம்பாயி பனி ஈரம் உள்ளபோதே கிளம்பி, நிழலும் சகதியும் பார்த்துத் தாவித் தாவி, கிழக்கு வழிக்கு வந்து ஒரு சருகின் அடியில் உட்கார்ந்தது.

கடமான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. வெள்ளைக்கல் அருகே சட்டியை இறக்கி வைத்தன. அணைக்கட்டுமா என்று வழியில் நின்ற மந்தி கேட்டது.

"அணைத்துவிடாதே அப்பா. திரும்பப் பற்றவைக்க நெருப்புக்குழிக்கு மூன்று மேடு ஏற வேண்டும். நான் வரும்வரை தாங்கும்படி ஒரு கட்டி கூடவே போட்டு வை" என்றது ஒரு கடமான்.

மந்தி போட்டது. அப்படியே அடுத்ததும், அதற்கு அடுத்ததும். வெள்ளைக்கல் ஓரம் சட்டிகள் வரிசையாக நின்று புகைந்தன. யார் கழுத்திலும் இல்லை. கல்லைத்தான் ஈ அண்டாமல் காத்தன.

பிறகு காட்டுப்பன்றிகள் வந்தன. அவற்றின் குகை கிழக்கே. கோரைக்கிழங்கு தோண்டும் நிலம் மேற்கே. முன்பெல்லாம் குளக்கரை வழியாகக் குறுக்கே போகும். இப்போது கிழக்கில் சட்டியை இறக்கி வைத்தால் மேற்கில் சட்டி இருக்காது. ஆகவே சட்டியோடு வட்டத்தையே சுற்றிக்கொண்டு போயின. பன்றிகளுக்கு மூத்த மூக்கையன் மூச்சு வாங்க வந்து நின்று, இன்றைக்கு நான்காவது கட்டி என்று அலுத்துக்கொண்டது.

செம்பாயி நான்கு நாளும் எண்ணியது. கிழக்கு வழியில் எண்பத்தொன்று. தெற்கில் தொண்ணூற்று நான்கு. மேற்கில் அறுபத்தேழு. வடக்கில், கரடிகளுடையதும் சேர்த்து, எண்பத்து நான்கு. ஆக முந்நூற்று இருபத்தாறு கட்டிகள். வட்டம் வருவதற்கு முன்பு இருநூற்று நாற்பது. எண்பத்தாறு கூடியிருந்தது.

வடக்கு வழியில் இன்னொன்றையும் அது பார்த்தது. புள்ளிமான்கள் பகல் முழுவதும் வட்டத்துக்குள்ளேயே மேய்பவை. சட்டி இல்லாமல் முதலில் ஈக்கடியில் துடித்திருக்கின்றன. பிறகு குளத்து வண்டலில் புரண்டு பார்த்திருக்கின்றன. காய்ந்த சேற்றை ஈயால் துளைக்க முடியவில்லை. மிஞ்சிய ஈக்களை முதுகில் உட்கார்ந்த கரிச்சான்கள் பிடித்துத் தின்றன. பதினெட்டுப் புள்ளிமான்களும் சட்டியை மறந்தே போயிருந்தன. செம்பாயி அந்தப் பதினெட்டையும் மறக்காமல் கணக்கில் வைத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலையில் எல்லாரும் கூடியபோது இதைச் சொன்னது. ஒவ்வொரு வழியின் எண்ணையும் தனித்தனியாகச் சொன்னது.

சடையனுக்கு முகம் சிவந்தது. "வட்டத்துக்குள் ஒரே ஒரு சட்டி காட்டு பார்க்கலாம்! அப்புறம் பேசு."

மூக்கையன் குறுக்கே புகுந்தது. அதற்கு இதுதான் சமயம். "நான் சொல்ல நினைத்ததும் இதுதான். இந்தக் கல்லை எல்லாம் பிடுங்கி எறியுங்கள். என் குட்டிகளுக்குக் கால் தேய்ந்துவிட்டது."

கல்லைப் பிடுங்கக் கூடாது, இன்னும் தள்ளி வைத்து வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றது சடையன். பெரிதாக்கினால் இன்னும் சுற்ற வேண்டும் என்று கத்தியது மூக்கையன். இரண்டும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன.

செம்பாயி கல்லின் மறைவிலிருந்து வெளியே வந்தது. முதல் முறையாக எல்லார் நடுவிலும் உட்கார்ந்தது.

"கல் இருக்கட்டும். குட்டிகளின் இருமல் நின்றது இந்தக் கல்லால். பதினெட்டு மான்கள் சட்டியை விட்டதும் இந்தக் கல்லால். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் குறியை மேலே வைத்தோம். கணக்கைக் கீழே பார்க்கிறோம். பாசிக்கு வட்டம் தெரியாது. உள்ளே எரிந்தாலும் வெளியே எரிந்தாலும் கரி மேலேதான் வருகிறது."

வீரணன் தரையைக் குளம்பால் கீறியது. தான் அறிவித்த வட்டத்தை ஒரு தவளை எடை போடுவது அதற்குப் பிடிக்கவில்லை. எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம் எதையும் எண்ணிவிடலாம் என்று முணுமுணுத்தது.

"நான் எண்ணியதை நம்ப வேண்டாம், மாமா. நாளைக் காலை ஒரு பொழுது மேலே வாருங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் எண்ணுங்கள்" என்றது செம்பாயி.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரணனால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை வீரணன் மலை ஏறியது. வயதான உடம்பு. இருந்தாலும் ஏறியது. கழுத்துச் சட்டியில் புதிதாகக் கட்டி போட்டிருந்தது. பின்னாலேயே சடையனும் மூக்கையனும் வந்தன.

நடுகல்லின் நிழல் முதல் கீறலைத் தொட்டது. வீரணன் எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. செம்பாயி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. பதினைந்து. பதினாறு. காற்று இல்லை. வீரணனின் சட்டியிலிருந்து எழுந்த புகை நேரே பாசியின் மேல் போய் விழுந்தது. இருபத்தெட்டு. ஒரு கரித்தூள் பறந்து, அதன் கண் எதிரே ஒரு பச்சைக் கொழுந்தின் நுனியில் உட்கார்ந்தது. அந்த நுனியில் திரண்டுகொண்டிருந்த துளி உருளாமல் கரியிலேயே ஊறிப்போயிற்று. வீரணன் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஆனால் குரல் இறங்கியது.

நிழல் இரண்டாம் கீறலைத் தொட்டபோது முப்பத்தொன்பது.

வீரணன் தலையைத் தாழ்த்திக் குழியைப் பார்த்தது. தண்ணீர் ஒரு விரல் உள்வாங்கியிருந்தது. காய்ந்த ஓரத்தில் கறுப்பாகச் சிறு புள்ளிகள் ஒட்டிக் கிடந்தன.

"இது என்ன, எள்ளா?" என்று கேட்டது.

"முப்பத்தொன்று. நேற்று வரை என் பிள்ளைகள்" என்றது செம்பாயி.

சடையன் தன் கையைப் பார்த்துக்கொண்டது. உள்ளங்கை முழுவதும் கரி.

வீரணன் கழுத்தைப் பாறை முனையில் வைத்துத் தேய்த்தது. கொடி அறும்வரை தேய்த்தது. சட்டி விழுந்து உருண்டது. பாசியை விட்டுத் தள்ளி அதை முட்டிக்கொண்டு போய், குளம்பால் மண்ணைத் தள்ளி மூடியது. புகை நின்றது. மூன்று ஈக்கள் உடனே வந்து அதன் கழுத்தில் உட்கார்ந்தன. வீரணன் அவற்றை விரட்டவில்லை.

மூக்கையன் தொண்டையைச் செருமியது. "தலைவரே, ஒன்று சொல்லட்டுமா? சேற்றில் புரண்டால் ஈ கடிக்காது என்பது பன்றிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் சட்டி கட்டினீர்கள். எங்களுக்கும் கட்டிக்கொள்ள ஆசை. சட்டி கட்டியவன் சேற்றில் புரளலாமா என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டோம். அவ்வளவுதான்."

"அப்படியானால் முதலில் நான் புரள்கிறேன்" என்றது வீரணன்.

அன்று பகலில் காட்டெருமைத் தலைவன் எல்லார் கண்ணும் பார்க்கக் குளத்து வண்டலில் இறங்கி, கொம்பு வரை பூசிக்கொண்டு எழுந்தது. பிறகு புது ஏற்பாட்டைச் சொன்னது. வெள்ளைக்கல் அப்படியே இருக்கும். கல் அருகே இறக்கும் சட்டியை மண் போட்டு அணைத்துவிட வேண்டும். அங்கே கட்டி போடக் கூடாது. நான்கு வழியிலும் பன்றிகள் சேற்றுக்குழி தோண்டும். சேறு பூசியவர்கள் வட்டத்துக்குள் குறுக்கே போகலாம், சுற்ற வேண்டாம். மேற்கிலும் சேறு இருக்கும், கிழக்கிலும் சேறு இருக்கும். யார் கெட்டிக்காரர்கள் என்பதை இனி நாவல் மரத்திலிருந்து சொல்ல வேண்டாம். சொட்டுப்பாறையில் எண்ணிச் சொல்ல வேண்டும்.

சடையன் தனியாக வந்து தலைவர் எதிரே நின்றது. சட்டி இல்லை என்றால் தன் ஆட்கள் எழுபது பேருக்கு என்ன வேலை என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. கவலையாகத்தான் கேட்டது.

பதில் செம்பாயியிடமிருந்து வந்தது. "பாசியில் படிந்த கரியைக் கழுவ வேண்டும், தம்பி. என் கால் அதற்குப் போதாது. கை உள்ளவர்கள் நீங்கள்தான்."

மறுநாளிலிருந்து மந்திகள் தேக்கிலையில் தொன்னை கோலிக் குளத்துத் தண்ணீரை மேலே கொண்டு போயின. பாசியின் மேல் மெல்ல ஊற்றி, விரலால் நீவிக் கரியைக் கழுவின. பாறை பெரியது. ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்தான் முடிந்தது. கழுவிய தண்ணீர் கறுப்பாக ஓடியது. அது குழிக்குள் போகாமல் சடையன் குறுக்கே களிமண்ணால் வரப்பு கட்டியது.

எல்லாரும் உடனே மாறிவிடவில்லை. கடமான்கள் கொம்பில் சேறு படக் கூடாது என்று ஒரு வாரம் அடம் பிடித்தன. முழுதாகக் காயாத சேற்றோடு ஓடி, பாதி வழியில் உதிர்த்துவிட்டு, ஈயிடம் கடிபட்டு, மறுபடி சட்டி கேட்டவையும் உண்டு. சேற்றை எவ்வளவு தடிமனாகப் பூசி எவ்வளவு நேரம் காய வைக்க வேண்டும் என்று மூக்கையன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகச் செய்து காட்டியது. இப்போது அதற்கு ஏகப்பட்ட மரியாதை. முந்நூற்று இருபத்தாறு கட்டிகள், ஒரு வாரத்தில் இருநூற்று ஐம்பத்தொன்று ஆயின. அடுத்த வாரம் நூற்று நாற்பது. அதற்கு அடுத்த வாரம் ஐம்பத்தேழு.

ஆனால் சொட்டு ஏறவில்லை. முப்பத்தொன்பது முப்பத்தெட்டாயிற்று. பிறகு முப்பத்தாறு. கரி ஏறியது ஒரே நாளில் அல்ல. ஒரே நாளில் இறங்கவும் இறங்காது. செத்த பாசி முளைக்க நாளாகும். கீழே முணுமுணுப்புக் கிளம்பியது. சட்டியையும் விட்டோம், சேற்றையும் பூசினோம், சொட்டு எங்கே என்று கேட்டார்கள்.

வீரணன் தினமும் காலையில் மலை ஏறியது. எண்ணிவிட்டு இறங்கி வந்து, எண்ணியதை உள்ளபடியே சொன்னது. "இன்று முப்பத்தாறு. நாளையும் எண்ணுவேன். சேற்றுக்குழியில் தண்ணீர் குறைந்திருக்கிறது, நிரப்புங்கள்." அதற்கு மேல் எதுவும் சொல்லாது.

செம்பாயி குழியின் ஆழமான மூலையில் இருந்த மண்ணைப் பின்னங்கால்களால் தள்ளி இன்னும் ஆழமாக்கியது. ஓரத்தில் ஒதுங்கிய பிள்ளைகளை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் ஓட்டியது. பகல் வெயிலில் தோல் வறண்டபோதும் நிழலுக்குப் போகவில்லை. அப்படியும் ஒன்பது போயின. மிச்சம் நூற்று எழுபத்து நான்கு.

மந்திகள் பாறையில் பாதியைக் கழுவி முடித்த அன்று சொட்டு முப்பத்தேழு. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எண்ணும்போது தவறி ஒன்று கூடியிருக்கலாம். மறுநாள் முப்பத்தொன்பது. அதற்கு மறுநாள் நாற்பத்திரண்டு. அன்றைக்குக் குழி உள்வாங்கவில்லை. சடையன் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து, மாலை வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தது. தண்ணீர் குச்சியை விட்டு விலகவே இல்லை.

இரண்டாம் பௌர்ணமியும் வந்தது. அன்று காட்டில் எரிந்தவை பன்னிரண்டு கட்டிகள். கரடிகள் ஆறும் தேன்கூட்டுக்குப் புகை இல்லாமல் முடியாது என்று சாதித்துவிட்டன. அடுத்த பருவத்துக்குள் அவற்றுக்கும் ஒரு வழி காண வேண்டும் என்று முடிவாயிற்று. வீரணன் எல்லாரையும் சொட்டுப்பாறைக்கு அழைத்துப் போனது. அவர்கள் கண் முன்னாலேயே நிழல் பார்த்து எண்ணியது.

"ஐம்பத்திரண்டு" என்றது. "நாம் சொன்னது தொண்ணூறு. குறி தவறிவிட்டது. வட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஒரு மாதத்தைப் போக்கிவிட்டோம். அது என் பிழை. ஆனால் குறியைக் குறைக்க மாட்டேன். தொண்ணூறு வரும்வரை இதே சேறு, இதே கழுவல், இதே எண்ணிக்கை."

மூக்கையன், சேறு கலக்க இன்னும் இரண்டு குழி வேண்டியிருக்கும் என்று சொல்லி, அப்போதே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு குழிக்கரையில் ஓர் அசைவு. விரல்நகம் அளவில் ஒரு குட்டித் தவளை தண்ணீரை விட்டு ஈரப் பாறையில் கால் வைத்தது. கொஞ்சம் தயங்கியது. தாவியது. அதன் பின்னால் இன்னொன்று. செம்பாயி வெடிப்புக்குள் ஒளியாமல் எதிரே உட்கார்ந்து எண்ணத் தொடங்கியது. வீரணன் தன் நிழல் அவற்றின் மேல் விழாதபடி நகர்ந்து நின்றுகொண்டது. வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது நூற்று எழுபத்து மூன்று கரை ஏறியிருந்தன. கடைசி ஒன்றுக்கு வால் இன்னும் முழுதாக விழவில்லை. அது மூன்று முறை ஏறி மூன்று முறையும் வழுக்கித் தண்ணீருக்குள்ளேயே விழுந்தது. நான்காம் முறை பாசியைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டது.

"நூற்று எழுபத்து நான்கு" என்றது செம்பாயி.

தன் வாசலை விட்டு விரட்டிய புகை அணைந்த புகை ஆகாது. குறியை எங்கே வைத்தோமோ அங்கே போய் எண்ணி, எண் சரியாகும்வரை விடாமல் உழைக்க வேண்டும்.